படலுக்கு வெளியே

புளியங்காடு,
ஜமுனாமரத்தூர் வழி,
வட ஆர்க்காடு மாவட்டம்.
28-11-1982

அன்புள்ள மாமாவுக்கு அம்சவல்லி எழுதிக்கொள்வது. நானும் செவலையும் சுகம். நீங்கள் சுகமாய் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கூட வேலை செய்யும் கருப்பன் அவர் வீட்டுக்குப் போட்ட கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். என் புருஷன் சுகத்தை நான் ஊரான் கடிதத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. குடகுக் குளிரில் உங்கள் கை மரத்துப் போய்விட்டதா, அல்லது மனசா?

இப்போது நல்ல சேதி. உட்கார்ந்து படியுங்கள். நம் செவலை செனையாக இருக்கிறாள். ஆவணியில் போட்ட செனை ஊசி நின்றிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் மாட்டு டாக்டர் ரங்கசாமி நேற்று நம் ஊருக்கு வந்து, தோள்வரைக்கும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மூணு மாசம்மா, சந்தேகமே இல்ல" என்றார். வைகாசியில் கன்று போடும். மானியத்தில் வந்த பாதிச் சீமை மாடு மலையில் நிற்காது, நின்றாலும் செனை பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்களே உங்கள் அண்ணி சுந்தரம்மாள், அப்போது வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்கள். புளி தின்னாமலே பல் கூசின மாதிரி ஆகிவிட்டது அவர்கள் முகம்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். டாக்டர் பூட்ஸ் காலோடு நேராக மாட்டுப் பட்டிக்குள் வரப் பார்த்தார். நான் வாசலை அடைக்கிற படலைப் பிடித்துக்கொண்டு, "சார், காலுக்குப் போட்டதோட எங்க பட்டிக்குள்ள யாரும் வரக் கூடாதுங்க, சாமி குத்தம்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. முன்னே இருந்த டாக்டராக இருந்தால் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பார். இவர் "அப்பிடிங்களாம்மா" என்று தரையில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, காலுறையையும் உருவிச் சுருட்டி வைத்துவிட்டு, சாணிக்குள் வெறுங்காலோடு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போகும்போது செவலையின் காதுக்குள்ளும் மடியோரத்திலும் பார்த்துவிட்டு, உண்ணி சேர விடாதீர்கள் என்று சொன்னார். நம் மலை மாடு பிறந்ததிலிருந்து கடி வாங்கிப் பழகினது, அதற்கு ஒன்றும் ஆகாது. இது பாதிச் சீமை. உண்ணிக் கடியில் இதற்குக் காய்ச்சல் கண்டால் வயிற்றில் இருப்பது தங்காதாம். அதனால் தினமும் பிடுங்கிக் கொட்டாங்கச்சி மண்ணெண்ணெயில் போடுகிறேன். செவலை படுத்தால் கோழிகளும் வந்து வயிற்றடியில் கொத்தித் தின்கின்றன.

மாமா, போன தை மாதம் எனக்கு நடந்ததை நான் பேசுவதில்லை. ஐந்து மாதம் சுமந்து, அதுவும் போன பிறகு, இந்த வீட்டில் ஒரு பானையைத் தொடக்கூடப் பிடிக்காமல் கிடந்தேன். இந்தக் கிடாரி வந்த பிறகுதான் எழுந்து நடமாடுகிறேன். ஆகையால் வைகாசியில் நீங்கள் இங்கே இருந்தாக வேண்டும். சீம்பாலில் முதல் கிண்ணம் உங்களுக்குத்தான், இரண்டாவது சுந்தரம்மாளுக்கு.

உங்கள்
அம்சவல்லி


காப்பித் தோட்டம் லைன்,
சோமவாரப்பேட்டை வழி, குடகு.
14-12-1982

என் அன்புள்ள அம்சவல்லிக்கு கோபால்சாமி எழுதுவது. கோபித்துக்கொள்ளாதே. நாளெல்லாம் காப்பிப் பழம் பறித்த விரலில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. சோறு பிசையும்போதே பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மனசெல்லாம் அங்கேதான் இருக்கிறது, நீ அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

செவலை செனை என்று படித்ததும் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். கருப்பன், "என்னமோ உம் பொண்டாட்டி உண்டான மாதிரி குதிக்கிறியேடா" என்றான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கன்றுக் கழுத்துக்குக் கட்ட ஒரு சின்ன வெண்கல மணி வாங்கி வைத்துவிட்டேன். தலைமாட்டில்தான் இருக்கிறது. புரண்டு படுத்தால் கிணுங்குகிறது, பக்கத்தில் படுத்திருப்பவன் திட்டுகிறான்.

டாக்டர் பூட்ஸைக் கழற்றிய கதையையும் கருப்பனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. "ஏன்டா, நம்ம ஊருக்கு ரேஞ்சர் வந்தாலும் தாசில்தார் வந்தாலும் எவன் கழட்டினான்? உம் பொண்டாட்டி சொன்னதும் கழட்டிட்டானா?" என்றான். அவனை நான் வாயில் வந்தபடி ஏசினேன். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன், அந்த டாக்டருக்கு என்ன வயசு? கல்யாணம் ஆனவரா? சும்மாதான் கேட்கிறேன்.

உண்ணி உண்ணி என்று பெரிசு பண்ணாதே. மனுஷனுக்குப் பேன், மாட்டுக்கு உண்ணி. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து உண்ணி இல்லாத மாட்டை இந்த மலையில் யாரும் கண்டதில்லை. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். கேழ்வரகை அடித்து முடித்தாயா?

உன்
கோபால்சாமி


புளியங்காடு,
18-1-1983

அன்புள்ள மாமாவுக்கு அம்சவல்லி எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. செவலைக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசி, சாமைச் சோறு ஊட்டி, கழுத்தில் மாவிலை கட்டினேன். எனக்குத்தான் கட்டுவதற்குப் புதுசாக ஒன்றும் இல்லை. பரவாயில்லை, கன்றுக்காவது மணி வாங்கியிருக்கிறீர்களே.

டாக்டருக்கு வயசு கேட்டீர்கள். மாட்டுக்கு என்றால் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். டாக்டருக்கு எதைப் பிடித்துப் பார்க்கிறது? நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை, ஆஸ்பத்திரியை ஒட்டிய அறையில் தானே பொங்கித் தின்கிறார் என்று சுந்தரம்மாள் விசாரித்து வைத்திருக்கிறார்கள். ஊரில் எதை யார் விசாரிக்கிறார்கள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உங்களோடு காப்பி பறிக்கிற பெண்களுக்கெல்லாம் என்ன வயசு? நானும் சும்மாதான் கேட்கிறேன்.

மருந்துத் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். வேப்பங்கொத்தால் தோய்த்துச் செவலை உடம்பெல்லாம் தேய்த்துவிடுகிறேன், பட்டிச் சுவர் இடுக்கிலும் ஊற்றுகிறேன். உண்ணி அங்கேதான் முட்டை வைக்கிறதாம். போன வாரம் வந்தபோது ஒன்று செய்தார். மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "நீங்கதான் கூடவே இருக்கிறீங்க, நீங்க இன்னா பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். செவலை எப்போது அசை போடுகிறாள், எந்தப் பக்கம் படுக்கிறாள், எந்தக் காதை அதிகம் ஆட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் வெட்டாமல் கேட்டுக்கொண்டார். பொய் சொல்லாமல் எழுதுகிறேன் மாமா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் எட்டாவது வரை படித்தவள் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் மறந்து போயிற்று. நீங்களும்கூட "இன்னா சொல்றே" என்று என்னைக் கேட்டு வெகு நாளாகிறது.

தை மாதம் என்றால் எனக்கு உள்ளே நடுக்கம்தான். இந்தத் தையைச் செவலையைப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டிருக்கிறேன். வெல்லம் இங்கே விலை ஏறிவிட்டது, அங்கே ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கிறவர் எனக்கும் கொஞ்சம் கொண்டு வாருங்கள்.

உங்கள்
அம்சவல்லி


காப்பித் தோட்டம் லைன், குடகு.
6-2-1983

அம்சவல்லிக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை கருப்பனுக்குப் படித்துக் காட்டவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். டாக்டர் கேட்டார், டாக்டர் கொடுத்தார், டாக்டர் சொன்னார். என் பேர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், மாமா என்று மேலே போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். அண்ணன் கோவிந்தனும் எழுதியிருக்கிறார். வாரம் தவறாமல் டாக்டர் சைக்கிள் நம் படலில் சாய்ந்திருக்கிறதாம். அண்ணி சொல்லித்தான் எழுதியிருப்பார், அது எனக்கும் தெரியும். ஆனால் சைக்கிள் நிற்பது பொய்யில்லையே.

எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. காப்பிச் செடிக்கு நடுவில் நிற்கிறேன், கண்ணுக்கு முன்னால் ஒருத்தன் வெறுங்காலோடு என் பட்டிக்குள் நடக்கிறான். கூடை நிறையவில்லை என்று மேஸ்திரி கத்துகிறான். "எனக்குச் சந்தோஷமாக இருந்தது" என்று எழுதினாயே, அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என்னைப் பார்த்து அப்படி நீ எப்போது எழுதினாய்? படித்தவன் உட்கார்ந்து கேட்டால் உனக்குப் பேச்சு வருகிறது. நான் அஞ்சாவதோடு நின்றவன், என்னிடம் வெல்லம் கேட்கிறாய்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன், கேட்டு நட. பங்குனி பிறந்ததும் அண்ணன் வழக்கம்போல மாடுகளைக் காட்டுப் பட்டிக்கு ஓட்டுவார். பள்ளத்து ஓடையில் தண்ணீர் இருக்கிறது, கோடைக்கெல்லாம் அங்கேதான் புல் நிற்கும். செவலையையும் சேர்த்து அனுப்பிவிடு. மாடு வீட்டில் இல்லை என்றால் டாக்டருக்கு வீட்டில் என்ன வேலை? கன்று போடுகிற சமயத்தில் திருப்பி ஓட்டி வந்தால் போதும். ஊரில் உள்ள மாடெல்லாம் அங்கே தின்று கொழுத்து வருகிறது, உன் மாடு மட்டும் ராஜகுமாரி கிடையாது.

கோபால்சாமி


புளியங்காடு,
20-2-1983

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அவ்வளவு கோபம். இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன், அப்படியும் ஆறவில்லை. உங்கள் வயிறு எரிகிறது என்றால் செவலை வயிற்றில் இருப்பது என்ன பாவம் செய்தது?

வெல்லம் கேட்டது என் புருஷனிடம் கேட்கிற உரிமையில். டாக்டரிடம் நான் வெல்லம் கேட்க முடியுமா? இதுகூடவா உங்களுக்கு எழுதி விளக்க வேண்டும்? அவர் வரும்போதெல்லாம் சுந்தரம்மாள் வேலியில் நிற்கிறார்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகள் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ரகசியம் பேச வேண்டும் என்றாலும் எங்களுக்கு இடம் கிடைக்காது. பேசுவதற்கு ரகசியமும் இல்லை, உண்ணிதான் இருக்கிறது.

காட்டுப் பட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பட்டி மண்ணே உண்ணி. போன கோடையில் அங்கே கூழ் கொண்டுபோனபோது என் கணுக்காலெல்லாம் ஏறினதை நீங்கள்தானே உட்கார்ந்து பிடுங்கினீர்கள். நம் மலை மாடுகளின் ரத்தத்திலேயே அந்தக் காய்ச்சல் ஒளிந்து கிடக்குமாம். அவை தாங்கிக்கொள்ளும். அவற்றைக் கடித்த உண்ணியின் குஞ்சுகள் செவலையைக் கடித்தால் செவலைக்கு வந்துவிடும். இதுவும் டாக்டர் சொன்னதுதான். அவர் பேரை எழுதினால் உங்களுக்கு எரியும், எழுதாவிட்டால் நான் சொந்தமாகச் சொல்கிறேன் என்று சிரிப்பீர்கள். நான் என்னதான் செய்ய?

சரி, நான் இறங்கி வருகிறேன். டாக்டரை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உண்ணியை நானே பிடுங்குகிறேன், மருந்தை நானே தேய்க்கிறேன். மாட்டை மட்டும் காட்டுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். நேற்று செவலையின் வலது விலாவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து உதைத்தது. நல்ல பலமான உதை. நான் அங்கேயே நின்று அழுதேன் மாமா. எதற்காக என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
அம்சவல்லி


காப்பித் தோட்டம் லைன், குடகு.
5-3-1983

அம்சவல்லிக்கு,

டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக எழுதியிருக்கிறாய். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தானே சொல்வாய்? ஏன்மா வேண்டாம் என்று அவர் கேட்பார். நீ ஏதோ சொல்வாய். அது ஒரு பேச்சு. பேச்சு அப்படித்தான் வளரும். மாடு வீட்டில் இருக்கிறவரைக்கும் இது ஓயாது.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன். பங்குனி பிறந்து நல்ல நாள் பார்த்து வந்து ஓட்டிப் போவார். தடுக்காதே. மாடா, நானா என்று இந்த ஒரு தடவை உன்னைக் கேட்கிறேன். டாக்டர் வந்தால் படலுக்கு வெளியே நிறுத்தி, "மாடு நல்லாயிருக்குது, நீங்க வரத் தேவையில்ல" என்று சொல்லி அனுப்பு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். இது என் தலைமேல் ஆணை.

நான் கெட்டவன் இல்லை. இங்கே தனியாகக் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும். மணி பத்திரமாக இருக்கிறது.

கோபால்சாமி


புளியங்காடு,
19-3-1983

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி ஆயிற்று. செவலையை அண்ணன் ஓட்டிப் போய்விட்டார். படலில் கொம்பை மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றாள். அண்ணன் வாலை முறுக்கினார், பிறகு போனாள். மருந்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, தினம் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவையாவது தேய்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "இன்னாத்துக்கு இதெல்லாம், மாட்டுக்கு இன்னா சீமந்தமா பண்றோம்" என்று நம் வீட்டுக் கூரையிலேயே செருகிவிட்டுப் போனார்.

புளி உலுக்கிக்கொண்டிருக்கிறோம். வேறு விசேஷம் இல்லை. பட்டியைக் கூட்டி வைத்திருக்கிறேன். கோழிகள் வழக்கம்போல அங்கே போய்த் தேடிவிட்டு வருகின்றன.

அம்சவல்லி


புளியங்காடு,
24-4-1983

மாமாவுக்கு,

கன்று போய்விட்டது. முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டு படிப்பீர்கள்.

பங்குனிக் கடைசியில் ஒரு கோடை மழை பெய்தது. சித்திரை பிறந்து நாலைந்து நாளில் அண்ணன் செவலையை ஓட்டிக்கொண்டு வந்தார். "மேய மாட்டேங்குது, மூச்சு வாங்குது, வெயில்ல இருக்கும்" என்றார். காதைத் திருப்பிப் பார்த்தேன். ஆமணக்கு விதையை அடுக்கி வைத்த மாதிரி உண்ணி. மடியில், வாலடியில், தொடை இடுக்கில், எங்கே தொட்டாலும் உண்ணி. உடம்பு கொதித்தது. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. நான் பிடுங்கப் பிடுங்கக் கொட்டாங்கச்சி நிறைந்தது, மாட்டின் மேல் குறையவே இல்லை.

அன்றைக்கே ஆடுகளுக்கு ஊசி போட டாக்டர் ஊருக்கு வந்திருந்தார். வேலை முடிந்து நம் படலுக்கு வந்தார். நான் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முள்ளில் நின்றார். "இன்னாம்மா, செவலை எப்பிடி இருக்குது? மாசம் நெருங்கிடுச்சே" என்றார். எனக்குப் பின்னால் சுவரோரமாகச் செவலை படுத்துக் கிடந்தாள். வைக்கோல் போர் மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை. நான் படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். "மாடு நல்லாயிருக்குதுங்க. நீங்க வரத் தேவையில்ல."

அவர் என்னைப் பார்த்தார். வேலியோரம் நின்ற சுந்தரம்மாளையும் பார்த்தார். "சரிம்மா, ஏதாச்சும்னா சொல்லி அனுப்புங்க" என்று போய், எதிர்ப் பாறையில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டார். அவர் கயிறு கட்டி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது மாமா. வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். உங்கள் தலைமேல் போட்ட ஆணை என் தொண்டையில் நின்றுவிட்டது.

சாயங்காலம் செவலை மூத்திரம் காப்பித் தண்ணி நிறத்தில் போயிற்று. கோழி கூவுகிற நேரத்தில் கன்றை வீசிவிட்டாள். கிடாரிக் கன்று. எல்லாம் இருந்தது. மயிர் முளைத்திருந்தது, குளம்பு இருந்தது, இமையில் ரோமம்கூட இருந்தது. மூச்சுதான் இல்லை. செவலைக்கு நிற்கவே சக்தி இல்லை, அப்படியும் கழுத்தை நீட்டி நீட்டி அதை நக்கிக்கொண்டிருந்தாள். கன்றோடு வர வேண்டிய இளங்கொடி விழவில்லை. இவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆணையாவது ஒன்றாவது என்று ஜமுனாமரத்தூருக்கு ஓடினேன். டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

வந்தார். நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செவலை காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். மஞ்சளாக ஒரு மருந்து ஊசி போட்டார். இளங்கொடியைக் கையால் எடுத்துப் போட்டார். மூன்றாம் நாள் செவலை தண்ணீர் குடித்தாள். நேற்று ஒரு பிடி புல் கடித்தாள்.

கன்று பிறந்தால் கொடியை வைக்கோலில் சுற்றி ஊர் ஆலமரத்தில் உயரமாகக் கட்ட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். கன்றோடு சேர்த்துப் புதைத்துவிட்டேன். உங்கள் அண்ணன்தான் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, "அடுத்தது பார்த்துக்கலாம்" என்றார். போன வருஷம் தை மாதம் குடகிலிருந்து நீங்களும் எனக்கு இதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தீர்கள்.

அம்சவல்லி


காப்பித் தோட்டம் லைன், குடகு.
9-5-1983

அன்புள்ள அம்சவல்லிக்கு,

கடிதம் வந்தது. சோறு இறங்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருப்பன் வந்து, "விட்றா, மாடு பொழைச்சிடுச்சில்ல" என்றான். அவனை அடிக்கப் போய்விட்டேன். அண்ணன் மேல் கோபம் வருகிறது. பாட்டிலை ஏன் கூரையில் செருகினார்? என் மேலும் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் நாம் கண்ணால் பார்த்த மாடுகளெல்லாம் உண்ணியோடுதானே வாழ்ந்தன, இந்த மாடு மட்டும் இப்படி ஆகும் என்று நான் எப்படி நம்புவேன்? நீ எழுதினாய்தான். உன் எழுத்தில் எனக்கு டாக்டர்தான் தெரிந்தார், உண்ணி தெரியவில்லை. வைகாசிக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். இனி உன்னை விட்டு இருக்க மாட்டேன்.

இன்னொன்றை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. கோழி கூவுகிற நேரத்தில் ஓடினேன் என்று எழுதியிருக்கிறாய். தனியாகவா ஓடினாய்? அறைக் கதவைத் தட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். அவர் அறை எது என்று உனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் இருந்தாரே, அவரை எழுப்பி அனுப்பியிருக்கலாமே. தப்பாக நினைத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் மனசு ஆறும். உடனே பதில் போடு.

உன்
கோபால்சாமி


மே/பா மங்கம்மாள்,
சந்தைமேட்டுத் தெரு,
ஜமுனாமரத்தூர்.
3-6-1983

கோபால்சாமி மாமாவுக்கு அம்சவல்லி எழுதுவது.

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செவலையைப் பிடித்துக்கொண்டு போன வாரம் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மானியத்தில் செவலை காதில் போட்ட வில்லை என் பேரில் கொடுத்தது, அதனால் யாரும் தடுக்கவில்லை. சுந்தரம்மாள் மட்டும், "புருசன் வர்ற நேரத்துல இன்னா இப்பிடிப் போறே, ஊரு இன்னா பேசும்" என்றார்கள். ஊர் பேசினதில்தானே இவ்வளவும் ஆயிற்று, இனி புதிதாக என்ன பேசிவிடப் போகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். மலைப் பாதையில் செவலை நாலு இடத்தில் படுத்துப் படுத்து எழுந்தாள். நானும் கூடவே உட்கார்ந்து எழுந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவர் அறை ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி இருக்கிறது. சந்தைக்கு வருகிற சிறு பிள்ளைக்கும் தெரியும். தனியாகத்தான் ஓடினேன். அண்ணனை எழுப்பினேன், விடியட்டும் என்றார். செவலை விடியும்வரை தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. இப்போது மனசு ஆறிற்றா?

எனக்கு ஆறவில்லை. கன்று என்ன நிறம் என்று நீங்கள் கேட்கவில்லை. தாயைப் போல அதுவும் செவலைதான், நெற்றியில் மட்டும் வெள்ளை. மாடு இப்போது எழுந்து நிற்கிறதா என்று கேட்கவில்லை. அவ்வளவு தூரம் இருட்டில் ஓடினவள் எங்கேயாவது விழுந்து வைத்தாளா என்றுகூடக் கேட்கவில்லை. எந்தக் கதவைத் தட்டினேன் என்று மட்டும் கேட்டீர்கள். என் கடிதம் முழுக்க ஒரு கன்று செத்துக் கிடந்தது, நீங்கள் அதைத் தாண்டிப் போய் ஒரு கதவைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

போன வருஷம் எனக்கு நடந்தபோது நீங்கள் பக்கத்தில் இல்லை. அதற்கு நான் கோபித்துக்கொண்டதில்லை. குடகு தூரம், பஸ் மாறி வர வேண்டும், மேஸ்திரி விடமாட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தத் தடவை நீங்கள் தூரத்தில் இல்லை மாமா. படலைப் பிடித்திருந்த என் கைமேல் உங்கள் கை இருந்தது. நான் சொன்னது உங்கள் வார்த்தை.

உங்களுக்கு என்மேல் ஆசை இருப்பது எனக்குத் தெரியும். ஆசை இல்லாதவனுக்கு வயிறு எரியாது. ஆனால் அந்த ஆசையால் எனக்கு ஒரு நாள் ஆறுதல் கிடைத்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அந்த மனுஷன் என்னிடம் கேட்டதெல்லாம் "நீங்க இன்னா பார்த்தீங்க" என்பதுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருந்தால் உங்களிடமும் இன்னும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு சேதி. டாக்டர் ரங்கசாமிக்கு மாற்றலாகி, சித்திரை முடிவதற்குள்ளேயே மலையிறங்கிப் போய்விட்டார். நான் இங்கே வந்தது அதற்குப் பிறகுதான். இதை வேண்டுமென்றே கடைசியில் எழுதுகிறேன். மேலே எழுதியிருந்தால் மிச்சத்தை நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். புது டாக்டர் வந்துவிட்டார். அவரும் பூட்ஸ்தான் போட்டிருக்கிறார்.

செவலை தேறிவிட்டாள். கார்த்திகைக்குள் மறுபடியும் ஊசி போடலாம் என்கிறார்கள். கூரையில் செருகியிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வைகாசிக் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மணியைக் கொண்டு வந்தாலும் சரி, அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வந்தாலும் சரி. அம்மா வீட்டுக்கும் ஒரு படல் இருக்கிறது. நேராக உள்ளே வந்துவிட வேண்டாம். வெளியே நின்று, மாடு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்று உங்கள் முகத்தைப் பார்த்து அன்றைக்குச் சொல்கிறேன்.

அம்சவல்லி